ஊறுகாய் போடுவது எப்படி: உப்பும் புளிப்பும் எண்ணெயும் செய்கிற வேலை

ஊறுகாய் கெட்டுப்போனால் முதலில் பழி விழுவது எண்ணெய் மேல். "எண்ணெய் பத்தலை, அதான் பூசணம் பூத்திடுச்சு" என்பார்கள். எண்ணெய் காற்றை மறிக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. காயைக் காப்பது உப்பும் புளிப்பும்தான். இவை போதாத ஜாடியில் எத்தனை லிட்டர் நல்லெண்ணெய் ஊற்றினாலும் அடியில் இருக்கிற காய் கெடத்தான் செய்யும். சில காய்களில் அது வெளியே தெரியாமலே கெடும் என்பதுதான் ஆபத்து.

ஒரே பெயர், பல சரக்கு

பேச்சில் "ஊறுகாய்" என்று எதையெல்லாம் சொல்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்முறையும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஒன்றுக்கொன்று வேறு.

மாவடு, உப்பு நெல்லிக்காய் போன்றவை உப்புநீரில் ஊறுபவை. எலுமிச்சை, நார்த்தங்காய், கிடாரங்காய் தம் சாற்றிலேயே உப்போடு ஊறுபவை. ஆவக்காய் உப்பு, காரம், கடுகுப் பொடி ஆகியவற்றோடு எண்ணெயில் ஊறுவது. தொக்கு உண்மையில் ஊறுவதே இல்லை. துருவியோ அரைத்தோ, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, நீரைச் சுண்டவைத்துக் காக்கப்படுவது. விருந்துகளுக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கி, உப்பு காரம் போட்டு, தாளித்துக் கொட்டுவார்களே, அதற்கும் ஊறுகாய் என்றுதான் பெயர். ஆனால் அது பச்சடிக்கு நெருங்கிய உறவு. குளிர்பெட்டியில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். அதை ஆவக்காய் என்று நினைத்து மாதக்கணக்கில் வைப்பவர்கள்தான் "நல்லாத்தானே போட்டேன்" என்று தவிப்பவர்கள்.

ஊறுகாய் என்பது இலக்கணத்தில் வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அதில் அடக்கம். சமையலறைக் கணக்கும் அதேதான். பரிமாறத் தொடங்கிய பிறகும் ஜாடிக்குள் மாற்றம் நிற்பதில்லை.

ஊறும்போது என்ன நடக்கிறது

அரிசி ஊறினால் தண்ணீர் உள்ளே போகிறது. கிணறு ஊறினால் தண்ணீர் வெளியே வருகிறது. ஊறுகாய் ஜாடியில் இரண்டும் நடக்கின்றன. உப்பு பட்டதும் காயிலிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. அந்த நீரில் உப்பு கரைந்து, கரைந்த உப்பு மெல்ல மெல்லக் காய்க்குள் இறங்குகிறது. உள்ளும் வெளியும் ஒரே உப்பு ஆகும்வரை இது தொடரும். மெல்லிய துண்டுக்கு ஓரிரு நாள் போதும். தோல் கெட்டியான முழு நெல்லிக்காய்க்கு வாரங்கள் ஆகும்.

பலர் தவறும் இடம் இதுதான். உப்புநீரின் உப்பை மட்டும் கணக்குப் பார்ப்பார்கள், காய்க்குள் இருக்கிற நீரை மறந்துவிடுவார்கள். அரை கிலோ நெல்லிக்காயை அரை லிட்டர் தண்ணீரில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். "பத்து சதவீதம் உப்புநீர்" என்று 50 கிராம் உப்பு கரைத்தால், ஊறி முடிந்தபின் ஜாடியில் இருப்பது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. காயும் நீரும் சேர்ந்த எடை ஒரு கிலோ. பத்து சதவீதம் வேண்டுமானால் உப்பு 110 கிராம். காய், நீர், உப்பு மூன்றும் சேர்ந்த மொத்த எடைக்கு உப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் சிலவே. மொத்த எடையில் 2 முதல் 3 சதவீத உப்பில் காய் நொதித்துப் புளிக்கும். 5 சதவீதத்தில் மெதுவாகப் புளிக்கும். 10 முதல் 12 சதவீதத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அடங்கிவிடும். 15க்கு மேல் போனால் அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் நாக்கு தாங்காது. வீட்டு ஊறுகாய் 10 முதல் 12க்குள் நின்று, மீதிப் பாதுகாப்பைப் புளிப்பிடம் விடுவது நல்லது. மாவடு மட்டும் விதிவிலக்கு, அதற்கு இதைவிடக் கூடுதலாக உப்பு பிடிக்கும்.

கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு டேபிள்ஸ்பூன் தூளுப்பு சுமார் 17, 18 கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் கல்லுப்பு குறைவாகவே நிற்கும், பரல் பெரிதாக இருந்தால் இன்னும் குறையும். படிக்குக் கால்படி என்று சொல்லி வந்த பழைய அளவு கல்லுப்புக்கான அளவு. அதே அளவில் தூளுப்பைக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. மிளகாய்த்தூள் வாங்க யோசிக்காமல் செலவு செய்கிறவர்கள் முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்கலாம்.

உப்பு, ஜாடி, ஈரம்

கல்லுப்பு நல்லது. அதில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொடி இருக்காது, நீர் கலங்காது. அயோடின் சேர்த்த தூளுப்பில் ஊறுகாய் கெடாது, நிறம் கொஞ்சம் மங்கலாம், உப்புநீர் கலங்கலாகத் தெரியலாம், அவ்வளவுதான். கல்லுப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துவைத்திருக்கும். வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் வறுத்து ஆறவைத்து, பிறகு எடை போடுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் 100 கிராம் என்று தராசு காட்டுவதில் ஒரு பங்கு தண்ணீர்.

பாத்திரம் பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடி. அலுமினியம், செம்பு, பித்தளை, இரும்பு எல்லாம் புளிப்போடு வினைபுரியும், ஊறுகாய் கறுக்கும், உலோக வாடை ஏறும். தகர மூடி போட்ட கண்ணாடிக் குப்பியானால் மூடியின் உட்புறம் ஊறுகாயில் படக்கூடாது. உப்பும் அமிலமும் சேர்ந்து மூடியை அரித்து, துரு உள்ளே விழும். பிளாஸ்டிக் டப்பா காரத்தையும் மணத்தையும் குடித்துக்கொள்ளும், அடுத்து அதில் வைக்கும் எதிலும் அந்த வாடை வரும்.

ஜாடியைக் கழுவி வெந்நீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். ஜாடி கழுத்தின் உள்வளைவில்தான் ஈரம் தங்கும். அங்கே நிற்கிற நாலு துளித் தண்ணீர் மேலாக மிதக்கும் எண்ணெய்க்கு அடியில் போய்ச் சேரும். அந்த இடத்தில் உப்பு நீர்த்துப்போகும். "ஈரக் கை படக்கூடாது" என்று வீட்டில் சொல்வதற்குக் காரணம் கையில் இருக்கும் கிருமி மட்டுமல்ல, உப்பை நீர்க்கவைக்கும் அந்தத் தண்ணீரும்தான்.

மாவடு

உப்பு ஒன்றே முழு வேலையும் செய்வதை மாவடுவில் நேராகப் பார்க்கலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வடு ஒரு கிலோ. உருண்டையோ நீளமோ, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். பெரியதும் சிறியதும் கலந்தால் சின்னது சுருங்கித் தோலாகும்போது பெரியது உள்ளே பச்சையாகவே நிற்கும். நகத்தால் கீறினால் உள்ளே ஓடு கட்டியிருக்கக் கூடாது. காம்பு அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். காம்படியில் கசியும் பாலில்தான் மாவடுவின் மணம் இருக்கிறது, அதை ஒட்டக் கிள்ளிவிட்டுக் கழுவினால் மணமும் தண்ணீரோடு போகும். அடிபட்டது, கறுப்புப் புள்ளி விழுந்தது எதுவும் வேண்டாம். ஒரு வடு அழுகினாலும் அதன் நொதிப்பொருள்கள் நீரில் கலந்து மற்றவற்றையும் மெத்தென்று ஆக்கிவிடும்.

கழுவி, துணியில் பரப்பி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். விளக்கெண்ணெய் இரண்டு டீஸ்பூன் விட்டு எல்லா வடுவிலும் மெல்லியதாகப் படும்படி பிசிறுங்கள். ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கல்லுப்பு 180 முதல் 200 கிராம். மேல் அடுக்கு உப்பாக இருக்கட்டும். வாயில் மெல்லிய துணியால் வேடு கட்டி, மூடி வையுங்கள்.

முதல் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். மறுநாள் அடியில் ஒரு விரல் அளவு நீர் ஊறியிருக்கும். இந்தக் கட்டத்தில் "தண்ணி போதலை" என்று வெளித்தண்ணீர் விடுவதுதான் மாவடுவைக் கெடுக்கிற முதல் தவறு. தினமும் இருமுறை ஜாடியைக் குலுக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் தோல் கீறும். குலுக்கினால் அடியில் தேங்கிய உப்புநீர் மேல் வடுவையும் நனைத்துவிடும். மூன்றாம் நான்காம் நாளில் காம்புப் பக்கத்திலிருந்து சுருக்கம் விழத் தொடங்கும். பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பு கலந்த பச்சையாக மாறும். புளிப்பில் பச்சையம் அப்படித்தான் மாறும், கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. ஒரு வாரத்தில் நீர் மேலே வந்து, உப்பு முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். அடியில் உப்பு இன்னும் பரலாகக் கிடந்தால் குலுக்கியது போதவில்லை.

எல்லா வடுவும் சுருங்கியபின் ஊறிய நீரை வடித்தெடுங்கள். காய்ந்த மிளகாய் 40 கிராம், கடுகு 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன். மிளகாயையும் கடுகையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மஞ்சளோடு இந்த நீரையே விட்டு அரையுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் இத்தனை நாள் ஊறிச் சேர்ந்த உப்பை நாமே நீர்க்கவைத்தவர்கள் ஆவோம். அரைத்ததை வடுவோடு சேர்த்துக் குலுக்கி, இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். வடு மிதந்தால் மேலே ஒரு சிறிய பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமிழ்த்துங்கள். நீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருப்பதில்தான் பூசணம் பிடிக்கும்.

எலுமிச்சை

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) இரண்டு, இரண்டரைக்குள் இருக்கும். ஊறுகாய்க்கு அதைவிடப் பாதுகாப்பான காய் கிடையாது என்பதால் புதிதாகப் போடுகிறவர்கள் இதில் தொடங்கலாம்.

மெல்லிய தோல் உள்ள, நன்றாக மஞ்சளான பழம் ஒரு கிலோ. எட்டுத் துண்டாக நறுக்கி, விதையைத் தட்டி எடுங்கள். கசப்பு பெரும்பாலும் விதையிலும் தோலின் உட்பக்க வெள்ளையிலும் இருக்கிறது. விதையை நீக்குவது நம் கையில் இருக்கிறது, வெள்ளைக்கு வேண்டியது காலம்தான். உப்பு 150 கிராம், மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன். இன்னும் கால் கிலோ பழத்தைப் பிழிந்த சாற்றையும் சேருங்கள். துண்டுகள் சாற்றில் அமிழ்ந்திருப்பதற்காகத்தான் இது.

வெயிலில் வைப்பது பழக்கம். வெயில் இரண்டு வேலை செய்கிறது: சூட்டில் தோல் சீக்கிரம் மெத்தாகிறது, மேலும் நீர் ஆவியாகி உப்பும் புளிப்பும் செறிகின்றன. வெயில் இல்லாவிட்டால் ஊறாது என்பதில்லை. அறையிலேயே வைத்துத் தினமும் ஒருமுறை குலுக்கினால் நாலைந்து வாரத்தில் அதே பதம் வரும். வெயிலில் வைப்பதானால் வேடு கட்டி வைத்து, பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். தோலை விரலால் நசுக்கினால் அழுந்த வேண்டும், ரப்பர் போல எதிர்த்தால் இன்னும் நாள் ஆக வேண்டும்.

காரம் அதன் பிறகே. உப்பு ஊறி முடிவதற்கு முன்பே மிளகாய்த்தூளைப் போட்டால் அது சாற்றைக் குடித்துக் கெட்டியாகி, துண்டுகளுக்கு ஊற நீர் இல்லாமல் செய்துவிடும். மிளகாய்த்தூள் 60 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் இரண்டு டீஸ்பூன், பெருங்காயத்தூள் ஒரு டீஸ்பூன். நல்லெண்ணெய் 150 மில்லியைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் இறக்கி, முழுக்க ஆறியபின் ஊற்றுங்கள். சூடான எண்ணெயில் மிளகாய்த்தூள் கருகி, ஊறுகாய் செம்மண் நிறத்துக்குப் போய்விடும். வெந்தயத்தைச் சிவக்க வறுத்தால் போதும். கறுத்துவிட்டால் அந்தக் கசப்பை எத்தனை மாதம் ஊறினாலும் போக்க முடியாது, அதைக் கொட்டிவிட்டு வேறு வறுப்பதே லாபம்.

ஆவக்காய்

கெட்டியாக, நல்ல புளிப்பாக, ஓடு முற்றிய மாங்காய். ஓட்டோடு வெட்டிய துண்டு ஒரு கிலோ. ஓடு இருந்தால்தான் துண்டு குழையாமல் நிற்கும். உள்ளே உள்ள பருப்பையும் ஓட்டோடு ஒட்டிய மெல்லிய சவ்வையும் எடுத்துவிடுங்கள். வெட்டியபின் கழுவக் கூடாது, ஈரத்துணிகூட வேண்டாம், உலர்ந்த துணியால் ஒவ்வொரு துண்டாகத் துடைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். இதைத் தவிர்த்தவர்களின் ஆவக்காய்தான் இரண்டாம் மாதம் நீர்த்துப்போகும்.

உப்பு 110 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம், கடுகுப் பொடி 100 கிராம், முழு வெந்தயம் ஒரு டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் 350 மில்லி. கடுகை வறுக்க வேண்டாம். வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டுப் பொடியுங்கள். கடுகின் நெடி பொடியில் ஈரம் பட்டபின்தான் உண்டாகிறது, அதை உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அந்த நெடி வெறும் ருசிக்கானதல்ல. பூஞ்சையையும் ஈஸ்டையும் அது கட்டுப்படுத்தும். வறுத்த கடுகில் மணம் இருக்கும், இந்தக் காவல் இருக்காது.

பொடிகளை உப்போடு கலந்துகொள்ளுங்கள். துண்டுகளைக் கொஞ்சம் எண்ணெயில் புரட்டி, பொடியில் புரட்டி, ஜாடியில் அடுக்கி, மீதிப் பொடியைத் தூவி, எண்ணெயில் பாதியை ஊற்றுங்கள். மூன்றாம் நாள் உலர்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறுங்கள். அதற்குள் மாங்காய் நீர் விட்டு, கலவை தளர்ந்திருக்கும். இப்போது உப்பு பாருங்கள். அன்று ஒரு துளி கரிப்பதுதான் சரி. "அளவா இருக்கு" என்று தோன்றினால் போதவில்லை என்று பொருள், துண்டுக்குள் இன்னும் உப்பு இறங்க வேண்டியிருக்கிறதே. மீதி எண்ணெயை ஊற்றுங்கள், துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். முதல் வாரம் கடுகு கசந்து, நெடி மூக்கில் ஏறும். மூன்று வாரம் கழித்துப் பாருங்கள், அது அடங்கியிருக்கும்.

புளிப்பில்லாத காய்கள்

பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கேரட், காலிஃபிளவர். இவற்றில் தமக்கென்று புளிப்பு இல்லை. மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் சொன்ன முறையை இவற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணில் சாதாரணமாக இருப்பவை. பூண்டு, இஞ்சி போல மண்ணுக்கடியில் விளைபவற்றோடு அவை எளிதாக வந்துவிடும். அவை முளைத்துப் பெருகக் காற்றில்லாத இடம் வேண்டும், எண்ணெய்க்கு அடியில் அதுதான் கிடைக்கிறது. பிஎச் 4.6க்குக் கீழே அவை வளராது. ஆனால் உப்பும் புளிப்பும் போதாமல் வெறும் எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதைவிட மேலேதான் நிற்கும். நாற்றமோ பூசணமோ இல்லாமலே நஞ்சு உருவாகும், அது நரம்பைத் தாக்கிச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. ஆகவே எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டை அறையில் வைக்கும் பழக்கம் வேண்டாம்.

புளிப்பைச் சேர்த்தால் பிரச்சினை தீரும். பூண்டோ மிளகாயோ அரை கிலோவுக்கு எலுமிச்சைச் சாறு 250 மில்லி, உப்பு 80 கிராம். முழு மிளகாயானால் கீறிவிட்டுப் போடுங்கள், கீறாவிட்டால் உள்ளே இருக்கிற காற்றோடு மிதந்து, சாறு உள்ளே போகாது. ஒரு வாரம் சாற்றில் ஊறியபின் எண்ணெய் சேர்க்கலாம். முதலில் எண்ணெயில் வதக்கிவிட்டுப் பிறகு சாறு விட்டால் எண்ணெய்ப் படலம் புளிப்பை உள்ளே விடத் தாமதமாக்கும். புளியைக் கரைத்து விடுகிறவர்கள் கெட்டியான கரைசலாக எடுத்துக் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்க வேண்டும். நீர்த்த புளிக்கரைசல் ருசி தரும், காவல் தராது. புளியின் புளிப்பு சரக்குக்குச் சரக்கு மாறும் என்பதால் நீண்டநாள் வைப்பதற்கு எலுமிச்சையே நம்பகமானது.

வினிகர் ஊறுகாய்க்கு லேபிளில் ஐந்து சதவீதம் அசிட்டிக் அமிலம் என்று இருப்பதை எடுங்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி, அதற்குமேல் தண்ணீர் வேண்டாம். நாலு சதவீத வினிகரானால் தண்ணீரே சேர்க்காதீர்கள். கொதிக்கவைத்து ஊற்றி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

கெடுவதும் கெட்டதுபோல் தெரிவதும்

நீர்ப்பரப்பில் வழவழவென்று வெள்ளை ஏடு படர்ந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். உப்பு குறைவு, அல்லது காய் வெளியே தலைநீட்டுகிறது. ஏட்டை வழித்தெடுத்து, மொத்த எடைக்கு இரண்டு சதவீதம் உப்பு கூட்டி, காயை அமிழ்த்துங்கள். பஞ்சுபோல முடிமுடியாக, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தால் அது பூசணம். மேலாக எடுத்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடலாம் என்ற யோசனை வேண்டாம். பூசணம் புளிப்பைத் தின்று வளரும், அது வளர்ந்த இடத்தில் பிஎச் ஏறியிருக்கும். ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

புதிய ஊறுகாயில் நுரையும் குமிழியும் எழுவது நொதித்தல். உப்புநீர்க் காயில் முதல் வாரம் அது இயல்பு. முழுக்க ஊறி முடிந்த எண்ணெய் ஊறுகாயில் மாதங்கள் கழித்து நுரைத்தால் உப்பு நீர்த்துவிட்டது. புளிப்பில்லாத காயில் மூடி உப்பியிருந்தாலோ திறந்ததும் புஸ்ஸென்று சீறினாலோ ருசி பார்க்கவே கூடாது.

துண்டு கொழகொழவென்று ஆனால் காய் பழுக்கத் தொடங்கியிருந்தது, அல்லது முதல் மூன்று நாளில் உப்பு போதவில்லை. காயைக் கட்டிவைத்திருக்கும் பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் அந்த இடைவெளியில்தான் வேலை செய்யும். பிறகு உப்பைக் கூட்டினாலும் போன கெட்டித்தனம் திரும்பாது. அதை மசித்துத் தொக்காகக் கிளறிவிடலாம், வீணில்லை.

பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயம் வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் வினைபுரிந்து தரும் நிறம் அது, சாப்பிடலாம். ஊறுகாயின் மேல்பகுதி மட்டும் கறுப்பது காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால். எண்ணெயில் பழைய பெயின்ட் போன்ற வாடை வந்தால் எண்ணெய் காறிவிட்டது. நல்லெண்ணெயில் இயல்பாகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் இருப்பதால் அது காறத் தாமதமாகும், ஊறுகாய்க்கு அதைப் பிடிப்பதில் ருசியைத் தாண்டியும் காரணம் உண்டு.

எடுத்துப் பரிமாறுவது

பெரிய ஜாடியிலிருந்து வாரத்துக்கு வேண்டியதைச் சிறு குப்பிக்கு மாற்றிக்கொண்டு, பெரிய ஜாடியை மூடிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டருகே திறந்து மூடும் ஜாடிக்குச் சோற்றின் ஆவியே எமன். எடுத்தபின் மீதித் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே நின்றால் காய்ச்சி ஆறவைத்த எண்ணெய் விட்டு மூழ்கடியுங்கள்.

உப்புக் கணக்கைச் சாப்பிடுகிறவரும் பார்க்க வேண்டும். 12 சதவீத உப்புள்ள ஊறுகாயில் 15 கிராம் எடுத்தால் அதில் 1.8 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக உப்பைக் குறைத்துப் போட நினைத்தால், பழைய முறையிலேயே உப்பை மட்டும் பாதியாக்காதீர்கள். எலுமிச்சை, மாங்காய் போன்ற புளிப்புக் காயை எடுத்து, 5 சதவீத உப்பில் கொஞ்சமாகப் போட்டு, முதல் நாளிலிருந்தே குளிர்பெட்டியில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மாவடு தீர்ந்தபின் நிற்கும் காரநீரைக் கொட்ட வேண்டாம். மோர்சாதத்துக்கு அப்படியே ஆகும். அதிலேயே அடுத்த தொகுதி வடுவைப் போடுகிறவர்கள், புது வடு விடும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கிலோ புது வடுவுக்கு மறுபடியும் 150 கிராமாவது கல்லுப்பு சேர்த்தால்தான் அந்த நீர் இரண்டாம் முறைக்குத் தாங்கும். மூன்றாம் முறைக்குள் அது கலங்கி, கடுகு நெடியும் போயிருக்கும், அப்போது புதிதாகப் போடுவதே சரி.